எண்ணெய்த் தலைகளும் ஒரு மனேஜரும்

1

ஊரிலிருந்து வரும் சுருட்டுப் பெட்டிகளில் இடைவெளி தெரியாமல் பழைய செய்தித்தாள் திணித்திருப்பார்கள். மத்தியானத்தில் கடைக்குச் சனம் வராத நேரம் அவற்றை எடுத்து நீவி விரித்து வாசிப்பது என் வழக்கம். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், கரம்பொன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மிச்சப் படிப்பெல்லாம் சுருட்டு மணக்கும் தாள்களில்தான் நடந்தது. போன கிழமை அப்படி விரித்த ஒரு தாளில் எங்கள் கிளப்பின் செய்தி கிடந்தது.

மலாயாவில் எங்கள் தீவார் நடத்தும் உதைபந்தாட்டக் கிளப் தன் ஆண்டு விழாவைச் சிறப்பாகக் கொண்டாடியதாம். திறமை போதாத பழைய மனேஜரை நிர்வாக சபை ஏகமனதாக நீக்கித் தகுதியுள்ள ஒருவரை நியமித்ததாம். கிளப் இனி மேன்மேலும் உயருமாம். எங்கள் ஊர் வாசிகசாலையார் இதைக் கேட்டுப் பெருமைப்பட்டு, பாராட்டுத் தீர்மானம் ஒன்றும் நிறைவேற்றினார்களாம்.

வாசிகசாலைக் கதிரைகளில் இருந்து பெருமைப்பட்டவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த நிர்வாக சபையில் நானும் ஒருவன். ஏகமனதாக என்று எழுதியது பொய். மற்றவற்றைப் பொய் என்றுகூடச் சொல்லமாட்டேன். பொய் சொல்லக் கொஞ்சமாவது மூளை வேண்டும்.

நான் சபையில் இருப்பதற்குக் காரணம் என் அறிவு அல்ல. இந்த ரயில் பட்டினத்தில் என் கடைக்கு மேல்மாடி இருக்கிறது. கிளப்காரர் கூட்டம் போடுவது அங்கேதான். கடையின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன அறையையும் அவர்களுக்கே விட்டிருக்கிறேன். அதற்கு நன்றியாக எனக்கு மூலையில் ஒரு கதிரை தந்தார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு ஏலாது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கூட்டத்தில் என் வேலை தேத்தண்ணி. பேச்சு மந்தமாகும்போது கையை உயர்த்துவேன். தலைவர் தலையை ஆட்டுவார். நான் படிக்கட்டில் இறங்கிப்போய்க் குசினிக்குச் சொல்லிவிட்டு வருவேன். இத்தனை காலமும் நான் அந்தச் சபையில் செய்த பிரசங்கம் அவ்வளவுதான்.

2

எங்களுடைய சனிக்கிழமை எப்படிப் போகும் என்று முதலில் சொல்கிறேன். நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள். அதனால் அதில் என்ன பிழை என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

இங்கே சனிக்கிழமை கந்தோர்கள் அரை நாள். ஒரு மணிக்கு எங்கள் கிளாக்கர்மார் தொப்பியும் குடையுமாக வீட்டுக்கு வருவார்கள். வந்ததும் களிசானைக் கழற்றி எறிந்துவிட்டு நாலு முழத்தைக் கட்டிக்கொண்டு வாங்குப் பலகையில் இருப்பார்கள். நல்லெண்ணெய் உச்சியில் ஊற்றப்படும். காது, மூக்கு, கண் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. அரப்பும் தேசிக்காயும் அவித்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். முழுகி முடியும்போது இரண்டரை மணி. முழுகின உடம்புக்குச் சூடு வேண்டும் என்று ஆட்டிறைச்சிக் கறி. அதை அறுக்க மிளகு ரசம். மூன்றரை மணிக்கு ஒவ்வொரு வீட்டிலும் சோற்றுக்கோப்பையின் முன்னால் ஒரு மனிதர் கண்களைச் சுருக்கிக்கொண்டு ஏப்பம் விடுவார். முழுகின பகல் நித்திரை கொள்ளக்கூடாது என்பது எங்கள் ஆசாரம். ஆகவே நித்திரை கொள்ளாமல் குறட்டை மட்டும் விடுவார்கள்.

ஐந்து மணிக்கு உதைபந்தாட்டம்.

சீனர் கோஷ்டியும் மலாய்க்காரர் கோஷ்டியும் மைதானத்தில் முயல்போலத் துள்ளிக்கொண்டு நிற்கும். எங்கள் பதினொருவரும் கலியாண வீட்டுப் பந்தியிலிருந்து எழும்பி வந்தவர்கள்போல வருவார்கள். வந்த கோலமும் அதுதான். பந்து உயரத்தில் வந்து தலையில் பட்டால் முன்னுக்குப் போகாது. எண்ணெயில் வழுக்கிப் பிடரிப்பக்கமாக எங்கள் கோலுக்கே போகும். இடைவேளைக்கு முன்னரே பந்து முழுவதும் நல்லெண்ணெய் மணக்கும். வேலியில் இருக்கும் மலாய்க்காரப் பையன்கள் 'மிஞ்யாக், மிஞ்யாக்' என்று கூவுவார்கள். எண்ணெய் என்று அர்த்தம். எங்கள் தலைவர் அதை உற்சாகக் குரல் என்று நினைத்துக் கைலேஞ்சியை ஆட்டுவார். வந்து இவ்வளவு காலமாகியும் அவருக்குத் தெரிந்த மலாய்ப் பேச்சு ரிக்‌ஷாக்காரனோடு ஏசிச் சண்டைபிடிக்கத்தான் போதும்.

தோற்ற பிறகு கூட்டம் போடுவோம். தரை ஈரம் என்பார்கள். நடுவர் சீனர் பக்கம் என்பார்கள். மழை பெய்தது என்பார்கள். எண்ணெயை ஒருவரும் சொன்னதில்லை. எண்ணெய் விற்பவன் நான். வெள்ளிக்கிழமை பின்னேரம் எந்த வீட்டுக்கு எவ்வளவு எண்ணெய் போகிறது என்று தெரிந்தவன். எனக்கும் அது தோன்றியதில்லை. அந்த முட்டாள்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு.

3

தலைவர் என்று சொன்னவர் பெரிய கிளாக்கர் அருளம்பலம். எங்கள் ஊரவர். இங்கே ஒரு கந்தோரில் வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்த மேசை அவருடையது. அதனால் தன்னைத் துரைக்கு அடுத்த மனிதர் என்று நினைக்கிறார். அவருடைய மருமகன் இராசரத்தினம் கிளப்பின் நடு ஆட்டக்காரன். கோல் அடிப்பதற்கென்று முன்னால் நிற்பவன். பெரிய கிளாக்கரின் மகளைக் கட்டியது முதல் அவன் அந்த இடத்தில் நிற்கிறான். நிற்கிறான் என்றுதான் சொல்லலாம். ஓடி நான் கண்டதில்லை.

முன்பிருந்த மனேஜர் இறந்தபோது, அந்த இடத்துக்கு, செய்தியில் நீக்கப்பட்டதாகப் போட்டிருந்த சூசைப்பிள்ளை வந்தது ஒரு தற்செயல். நெடுந்தீவு மனிதர். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். ரயிலில் கார்ட் வேலை பார்த்தவர். வேலைக்குறைப்புக் காலத்தில் ஆட்களைக் கழித்தபோது அவரையும் கழித்தார்கள். ஊருக்குப் போகச் சும்மா கப்பல் பயணம் தருகிறோம் என்றார்கள். அவர் போகவில்லை. அங்கே அவருக்கு இருந்தது கல்வேலி சுற்றிய வெறும் காணியும், அதில் மேயும் தம்பியின் மாடுகளும். மனைவி இந்த ஊர்ச் சேமக்காலையில் புதைந்து கிடக்கிறாள். பின்பக்க அறையில் இருந்துகொண்டு மைதானத்தைக் கவனிக்கட்டும் என்று கிளப்காரர் அவரை மனேஜர் ஆக்கினார்கள். அது இரக்கம் அல்ல. வேறு ஒருவரும் வெயிலில் நிற்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பதவி போனால் அறை போகும். அறை போனால் அவர் கப்பல் ஏறவேண்டும். இது எல்லோருக்கும் தெரியும்.

மனேஜர் என்ற சொல்லை எங்கள் ஆட்கள் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் மனேஜர் என்றால் கோயில் மனேஜர். கோயில் கதவுத் திறப்புக்கோர்வையை இடுப்பில் சொருகிக்கொண்டு, பூசை முடிந்ததும் முதல் காளாஞ்சி மரியாதையை வாங்கிக்கொண்டு, சாகும்வரை இருப்பவர். செத்தால் மகன். மகன் இல்லாவிட்டால் மருமகன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பகுதிக் கோயில் ஒன்றில் மகனும் மருமகனும் சண்டைப்பட்டு ஒரே கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டார்கள். வழக்கு நடந்த காலம் முழுவதும் சாமி உள்ளே, சனம் வெளியே. விளக்கு வைக்க ஆள் இல்லை. ஆனால் யார் மனேஜர் என்று சந்தியில் பேச எப்போதும் ஆள் இருந்தது. அந்தப் பேச்சைக் கட்டிக்கொண்டுதான் எங்கள் ஆட்கள் கடல் தாண்டினார்கள். பனங்கட்டி, ஒடியல், சாமான் சட்டி எல்லாவற்றோடும் அதையும் கொண்டுவந்தார்கள். மற்றவை வழியில் பூஞ்சணம் பிடித்தன. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

சூசைப்பிள்ளை அண்ணைக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. பந்து கோலுக்குள் போகவேண்டும் என்பதுதான் மனேஜர் வேலை என்று அவர் நினைத்துவிட்டார்.

நல்ல மனிதர் என்று சொல்லமாட்டேன். வாய் கெட்டவர். கள்ளு மணக்க மைதானத்துக்கு வருவார். பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகளைக் கழுதை என்பார், அதற்குமேலும் சொல்வார். ஊதுகுழலை சட்டை நுனியால் ஓயாமல் துடைத்துக்கொண்டிருப்பார். தனக்குத் தெரிந்ததை ஒருவருக்கும் ஆறுதலாகச் சொல்லத் தெரியாது. அவரை நீக்கவேண்டும் என்று யாராவது இந்தக் காரணங்களைச் சொல்லியிருந்தால் நான் யோசித்திருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை.

4

மனேஜர் ஆகிச் சில ஆட்டம் பார்த்தார். பிறகு ஒரு பின்னேரம் கடைக்கு வந்து, நான் எண்ணெய் அளந்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கந்தையா, உதெல்லாம் ஆருக்கு?"

"நாளைக்குச் சனி முழுக்கெல்லோ, அண்ணை."

அவர் எண்ணெய்ப் பீப்பாவைச் சுற்றிவந்து, பாவியைக் கண்டுபிடித்தவர்போல அதன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார்.

அடுத்த நாளே சட்டம் போட்டார். ஆட்டமுள்ள சனிக்கிழமை விளையாடுகிறவர்கள் முழுகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுகலாம். ஆட்டத்துக்கு முன் இறைச்சி கூடாது, கஞ்சி குடிக்கலாம். சட்டத்தை நிறைவேற்ற அவர் கண்ட வழி இது: மைதானத்தின் வாசலில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவன் தலையிலும் உள்ளங்கையை வைப்பார். பிறகு கையைத் திருப்பிப் பார்ப்பார். மினுங்கினால் ஆள் வெளியே. தூரத்திலிருந்து பார்த்தால் குருவானவர் ஆசீர்வதிப்பதுபோல இருக்கும். கிட்டப் போனால் அவர் வாயிலிருந்து வருவது வேறு.

கிளப் வெல்லத் தொடங்கியது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வயிறு காலியாக இருந்தால் மனிதன் ஓடுவான்.

வீடுகளில் நெருப்புப் பற்றியது. ஆம்பிளைகளுக்கு முழுக்கு நாள் புதனும் சனியும். ஞாயிற்றுக்கிழமை முழுகினால் உடம்புக்கு ஆகாது என்பது அத்தனை வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். ஒரு வேதக்காரன் எங்கள் குசினிக்குள் கையை விடுகிறான் என்றார்கள். வேதக்காரரும் ஊரில் சனிக்கிழமைதான் முழுகுகிறார்கள் என்பதை அவர்கள் மறந்துபோனார்கள். இராசரத்தினம் ஒரு ஞாயிறு முழுகித் திங்கட்கிழமை தும்மினான். இரண்டு நாள் கந்தோருக்குப் போகவில்லை. பெரிய கிளாக்கர் வீட்டில் அந்தத் தும்மலைப் பற்றிப் பேசியதுபோல மகாயுத்தத்தைப் பற்றியும் பேசியிருக்கமாட்டார்கள்.

என் மகன் செல்வமும் விளையாடுகிறவன்தான். மேலதிக ஆளாக வெளியே இருப்பான். அவன் இங்கே பிறந்தவன். தாயோடு தமிழில் தொடங்கி மலாயில் முடிப்பான். கருவாடு மணக்கிறது என்று கடைக்குள் வரமாட்டான். சனிக்கிழமை முழுகாதே என்று நான் சொன்னபோது, தான் எண்ணெய் தொட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்றான். எண்ணெய்க்குப் பதிலாகப் போத்தலில் வரும் வெள்ளைக் கிறீமைத் தலையில் பூசிக்கொள்கிறான். சினிமாவில் கண்டது. அவன் தலை சூசைப்பிள்ளையின் கையில் தேறியது ஆசாரத்தாலும் அல்ல, கீழ்ப்படிவாலும் அல்ல. எங்களை அவனுக்குப் பிடிக்காததால்.

ஆண்டு விழாவுக்கு முந்திய ஆட்டத்தன்று இராசரத்தினம் மாமனார் வீட்டில் முழுகிச் சாப்பிட்டுவிட்டு வந்தான். வேண்டுமென்றே வந்தான் என்று நினைக்கிறேன். வாசலில் சூசைப்பிள்ளை அவன் தலையில் கை வைத்தார். கையைத் திருப்பினார். பிறகு அந்தக் கையை, எல்லோரும் பார்த்திருக்க, தன் வெள்ளைக் களிசானில் மெதுவாகத் துடைத்தார். மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது.

"தம்பி, நீர் மாமாவுக்குப் பக்கத்திலை இருந்து ஆட்டத்தைப் பாரும்."

அவனுடைய இடத்துக்குச் செல்வத்தை அனுப்பினார். நாங்கள் வென்றோம். வென்ற கோஷ்டியின் தலைவர் அன்று கை தட்டாமல் வீட்டுக்குப் போனார்.

5

கூட்டம் அடுத்த கிழமை. மேல்மாடியில் கதிரை போதாமல் கடையிலிருந்து பெட்டிகள் ஏறின. நடவடிக்கை எல்லாம் இங்கிலீசில். காரியதரிசி ஒரு தாளை வாசித்தார். நான் விளங்கிக்கொண்டது 'மனேஜர்' என்ற சொல்லும் 'மிஸ்டர்' என்ற சொல்லும். வாசித்த பிறகு, எனக்காக அல்ல, வாய்ச்சண்டைக்காகத் தமிழுக்கு வந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு மரியாதை இங்கிலீசு, கோபம் தமிழ்.

கிளப்பின் கௌரவம் என்று ஒருவர் சொன்னார். ஒழுக்கம் என்றார் மற்றவர். மனேஜர் சமூகத்தோடு ஒத்துப்போகவேண்டும் என்றார் இன்னொருவர். இளைஞருக்கு இடம் கொடுக்கவேண்டும் என்றும் பேச்சு வந்தது. இளைஞர் என்றால் இராசரத்தினம். எண்ணெய் என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. இறைச்சி என்ற சொல்லையும் சொல்லவில்லை. மூக்கைப் பிடிக்கும்படி அந்த மாடி முழுவதும் எண்ணெய் மணத்தது. கூட்டம் நடந்த நாள் சனிக்கிழமை.

சூசைப்பிள்ளை வாசலுக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு ஒருவரும் கதிரை காட்டவில்லை. பெரிய கிளாக்கர் கடைசியாக எழும்பினார்.

"சூசைப்பிள்ளை, உம்மிலை எங்களுக்கு ஒரு வஞ்சமும் இல்லை. நெடுந்தீவிலை நீங்கள் குதிரை மேய்ச்ச ஆக்கள். இது மனிசரை நடத்திற வேலை. அது எல்லாருக்கும் வராது."

சிரித்தார்கள். சூசைப்பிள்ளை சிரிப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் ஐயா. நாங்கள் குதிரைக்கு எண்ணெய் வைச்சு இறைச்சி குடுக்கிறேல்லை. அதாலை அது ஓடும்."

அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. திறந்து ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் அறையையாவது விட்டிருப்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

கையை உயர்த்தச் சொன்னார்கள். நீக்கவேண்டும் என்பவர்கள் முதலில். கைகள் எழும்பின. சிலர் பெரிய கிளாக்கரின் முகத்தைப் பார்த்தபடி உயர்த்தினார்கள், சிலர் பார்க்காமல். வைத்திருக்கவேண்டும் என்பவர்கள் யாராவது உண்டோ என்று பிறகு கேட்டார். கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது.

நான் நினைத்தேன். செல்வத்தை ஆட்டத்தில் விட்டதற்காகக் கந்தையன் கை தூக்குகிறான் என்பார்கள். அறை என்னுடைய கட்டிடத்தில் இருப்பதால் தூக்குகிறான் என்பார்கள். நாக்கு வழக்கமான இடத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் கைக்கு நாக்கு தேவையில்லை. உயர்த்தினேன். அந்த மாடியில் அது ஒன்றுதான் உயர்ந்து நின்றது. சூசைப்பிள்ளை கண்டார்.

பெரிய கிளாக்கரும் கண்டார்.

"தேத்தண்ணி பேந்து, கந்தையா. முடியட்டும்."

காரியதரிசி குனிந்து எழுதினார். ஏகமனதாக.

நான் கையை எப்போது இறக்கினேன் என்று நினைவில்லை. கூட்டம் முடிந்து சூசைப்பிள்ளை படியிறங்கும்போது என் பக்கத்தில் நின்று, தாழ்ந்த குரலில், "எனக்குத் தேத்தண்ணியிலை சீனி குறைச்சுப் போடச் சொல்லு" என்றார். நையாண்டி செய்தாரா, ஆறுதல் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டும் தேவையாக இருந்தது.

6

அடுத்த நாள் காலை அறையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. பூட்டு மாற்றினார்கள். பழைய பழக்கம் விடாது. சூசைப்பிள்ளை றங்குப்பெட்டியோடு என் கடை முன்னால் நின்று, கப்பல் எப்போது போகும் என்று விசாரித்துச் சொல்லு என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கருவாட்டுச் சாக்குகளுக்கும் எண்ணெய்ப் பீப்பாவுக்கும் நடுவில் வைத்தேன். என் மனைவி பாயைக் கொண்டுவந்து எறிந்தாள். எறிந்தாள் என்றாலும் கொண்டுவந்தாள்.

சில நாள் கழித்து ரயில் பட்டறைக் கோஷ்டியார் அவரைத் தேடி வந்தார்கள். இரும்பு அடிக்கிறவர்கள், நிலக்கரி வாருகிறவர்கள், தமிழரும் மலாய்க்காரரும் கலந்தவர்கள். எங்கள் கிளாக்கர்மார் வழியில் கண்டால் குடையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொள்ளும் ஆட்கள். தங்களுக்கு மனேஜராக வரச் சொன்னார்கள். பட்டறைக்குப் பின்னால் இருக்க ஓர் அறை உண்டு என்றார்கள். அவர் போனார். கப்பலைப் பற்றிப் பிறகு கேட்கவில்லை.

எங்கள் கிளப்புக்கும் பட்டறைக்கும் ஆட்டம் ஒன்று பேசப்பட்டது. எந்த மைதானம், எந்த நடுவர், எந்தப் பந்து என்பதெல்லாம் உங்கள் விருப்பம் என்று சூசைப்பிள்ளை விட்டுக்கொடுத்தார். நாள் மட்டும் சனிக்கிழமையாக இருக்கட்டும் என்றார். பெரிய கிளாக்கர் அதைப் பயம் என்று விளங்கிக்கொண்டார். சூசைப்பிள்ளையின் இடத்துக்கு இராசரத்தினத்தைத்தான் மனேஜர் ஆக்கியிருந்தார்கள். அவன் பதவியேற்றதற்கு மாமனார் ஆட்டத்தன்று தன் பங்களாவில் விருந்து வைத்தார். பதினொருவரும் அவர் கிணற்றடியில் வரிசையாக இருந்து எண்ணெய் வைத்து முழுகினார்கள். கிடாய் ஒன்று விழுந்தது. பழைய ஒழுங்கு திரும்பிவிட்டது என்று அங்கே பேச்சும் நடந்ததாம். விருந்துக்கு எண்ணெய் என் கடையிலிருந்துதான் போனது. நானே அளந்து கொடுத்தேன். குறைவில்லாமல் அளந்தேன்.

செல்வத்தைக் கோஷ்டியிலிருந்து நீக்கியிருந்தார்கள். அவன் வருத்தப்படுவான் என்று நினைத்தேன். அவன் தன் சீனச் சிநேகிதனோடு சினிமாவுக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான்.

"ஐயா, ஒரு பந்துக்கு ஏன் உங்களுக்கு இவ்வளவு?" என்றான்.

பந்துக்காக அல்ல என்று சொல்லியிருந்தால், வேறு எதற்காக என்று கேட்டிருப்பான். கேட்டிருக்கவும் மாட்டான். அதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டான்.

மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

"இஞ்சை பாருங்கோ, வாங்கிலை இருங்கோவன். தண்ணி ஆறுது."

முழுகவில்லை என்றேன். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கலியாணம் முடித்த நாள் முதல் நான் விட்ட முதல் சனி முழுக்கு அது. காய்ந்த தலையை வாரிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். காற்றில் மயிர் குத்திட்டு நின்றது. உடுப்பில்லாமல் போகிறவன்போல இருந்தது.

எங்கள் ஆட்கள் இருக்கும் பக்கத்தில் தலைகள் வரிசையாக மினுங்கின. பெரிய கிளாக்கர் என்னைக் கண்டார். என் தலையைக் கண்டார். சனிக்கிழமை காய்ந்த தலையோடு ஒரு மனிதன் வெளியே வந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், வீட்டில் சாவு. அவர் சால்வையை ஒதுக்கிக்கொண்டு ஓர் எட்டுப் பின்னால் போனார்.

"என்ன கந்தையா, துடக்கோ?"

"ஓம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"ஐயோ, ஆர் மோசம் போனது? ஊரிலையோ?"

அப்போதுதான் எங்கள் பதினொருவரும் மைதானத்துக்குள் இறங்கினார்கள். இராசரத்தினம் முன்னால். வெயில் அவர்களுடைய தலைகளில் பட்டுத் தெறித்தது. வேலியில் இருந்த பையன்கள் 'மிஞ்யாக்' என்று தொடங்கிவிட்டார்கள். நான் கையை உயர்த்தி அவர்களைக் காட்டினேன். நன்றாக உயர்த்தி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

அந்தக் கையைத் தேத்தண்ணி என்று அன்று ஒருவரும் நினைக்கவில்லை.

பிறகு மைதானத்தைச் சுற்றி மற்றப் பக்கத்துக்கு நடந்தேன். பட்டறை ஆட்கள் எனக்கு வழி விட்டார்கள். சூசைப்பிள்ளை வாங்கின் நுனியில் இருந்து ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழும்பி, என் உச்சியில் உள்ளங்கையை வைத்தார். கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இரும்" என்றார்.

எத்தனை கோல் விழுந்தது என்று நான் எழுதப்போவதில்லை. இனி வரும் சுருட்டுப் பெட்டி ஒன்றில் அந்தச் செய்தியும் இருக்கும். வாசிகசாலையாருக்குப் பெரிய கிளாக்கர் எழுதாமல் விடமாட்டார். தரை வழுக்கியது என்று எழுதுவார். மழை என்று எழுதுவார். நீங்களும் முழுகிச் சாப்பிட்டுவிட்டு, கதிரைகளில் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்து, அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றுவீர்கள். நிறைவேற்றுங்கள். ஏகமனதாக என்று மட்டும் போடவேண்டாம்.

அன்று மழை பெய்யவில்லை.